22 வாரம் வாழ்ந்த பத்திரிகைகள்

பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ்களின் அட்டைகளைப் புரட்டிப் பார்க்கும் புதியவர்களை ஒரு விஷயம் கட்டாயம் குழப்பும். அட்டையின் தலையில் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர்கள் இருக்கும். 'லயன் அண்ட் தண்டர்', 'வேலியன்ட் அண்ட் வல்கன்', '2000 ஏ.டி. அண்ட் ஸ்டார்லார்ட்'. இரண்டு பேர் பங்கு போட்டுக் கடை திறந்த மாதிரி தெரியும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. அந்த இரண்டாவது பெயர், சில வாரங்களுக்கு முன்பு செத்துப்போன ஒரு பத்திரிகையின் பெயர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் லயன், 1952இல் தொடங்கிய லண்டன் வார இதழ். நம் சிவகாசி லயன் காமிக்ஸ் 1984இல்தான் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்மூர்ச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

பிரிட்டனில் 1950களிலிருந்து 1980கள் வரை பையன்களுக்கென்றே வாராவாரம் காமிக்ஸ் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. மலிவான காகிதம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, முப்பது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. ஒரே இதழில் அரை டஜன் தொடர்கதைகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்து பக்கம். போர்க் கதை, கால்பந்துக் கதை, பேய்க் கதை, ரோபோ கதை என்று எல்லாம் ஒரே தட்டில். நம் வாரப் பத்திரிகைகளில் ஐந்தாறு தொடர்கதைகள் ஒரே சமயத்தில் ஓடினவே, அதைப் படக்கதையாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதேபோல் தனிப் பத்திரிகைகள் இருந்தன. இந்தச் சந்தையை இரண்டு நிறுவனங்கள் பங்கு போட்டிருந்தன: ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன், லண்டனின் ஐ.பி.சி. ஃப்ளீட்வே என்ற பெயரைத் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அது ஐ.பி.சி.க்குள் அடங்கிய நிறுவனம்.

சரி, இரட்டைப் பெயருக்கு வருவோம். அந்தத் தொழிலில் இருந்தவர்கள் இந்த வழக்கத்துக்கு ஒரு வேடிக்கையான பெயர் வைத்திருந்தார்கள்: 'ஹேட்ச், மேட்ச் அண்ட் டிஸ்பாட்ச்'. ஆங்கில நாளிதழ்களில் பிறப்பு, திருமணம், மரணம் மூன்றுக்குமான வரி விளம்பரப் பகுதியைக் கிண்டலாக இப்படிச் சொல்வார்கள். நம் வாய்க்கு ஏற்ற மாதிரி சொன்னால் பிறப்பு, கல்யாணம், கருமாதி. ஒரு பத்திரிகையைப் பிறக்க வை, அதை இன்னொரு பத்திரிகைக்குக் கட்டி வை, பிறகு சத்தமில்லாமல் காரியத்தை முடி. இதில் கல்யாணமும் கருமாதியும் ஒரே நாளில் நடக்கும் என்பதுதான் விசேஷம்.

பிறப்பு தடபுடலாகத்தான் நடக்கும். முதல் இரண்டு மூன்று இதழ்களோடு இலவச இணைப்பு உண்டு. பிளாஸ்டிக் பொம்மை, ஸ்டிக்கர், பர்ஸ் மாதிரி ஏதாவது. 1977 பிப்ரவரியில் 2000 ஏ.டி. தொடங்கியபோது முதல் இதழோடு கையால் சுழற்றி வீசும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று கொடுத்தார்கள். தட்டுக்காகவே வாங்கிய பையன்கள் எத்தனை பேரோ. அதனால் முதல் இதழ் எகிறும். இணைப்பு நின்றதும் விற்பனை இறங்கும். இறங்கி எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முதலாளிக்கு முக்கியம். அது தெரிய சில வாரங்கள் ஆகும். பக்கங்கள் எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே எழுதி வரைந்து அச்சுக்குத் தயாராக இருக்கும் என்பதால், நிறுத்தலாம் என்று முடிவெடுத்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். தண்டர்: 1970 அக்டோபர் 17 முதல் 1971 மார்ச் 13 வரை, 22 இதழ்கள். ஜெட்: 1971 மே 1 முதல் செப்டம்பர் 25 வரை, 22 இதழ்கள். ஸ்டார்லார்ட்: 1978 மே 13 முதல் அக்டோபர் 7 வரை, 22. டொர்னேடோ: 1979 மார்ச் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை, அதுவும் 22. நாலுமே ஐ.பி.சி. பிள்ளைகள். நம்பாமல் நாள்காட்டியை வைத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஐந்து மாதம் பார்ப்பது, தேறவில்லையென்றால் மூடுவது என்ற பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விதிவிலக்குகளும் உண்டு. 1984இல் வந்த 'ஸ்க்ரீம்' என்ற திகில் இதழ் 15 வாரத்தில் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தில் நடந்த தொழில் தகராறுக்கும் அதில் பங்கு உண்டு.

நஷ்டம் என்றால் பேசாமல் மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே, ஏன் இன்னொரு பத்திரிகையோடு ஒட்ட வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள அங்கே பத்திரிகை வீட்டுக்கு வந்து சேரும் விதம் தெரிய வேண்டும். தெருமுனைப் பேப்பர் கடையில் அப்பா அம்மா சொல்லி வைத்திருப்பார்கள்: எங்கள் வீட்டுக்கு இந்த நாளிதழ், இந்த வார இதழ், பையனுக்கு இந்த காமிக்ஸ். காலையில் ஒரு பையன் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போவான். அப்படிச் சொல்லி வைத்த ஆர்டர் தங்க முட்டை மாதிரி. ஒவ்வொரு காமிக்ஸிலும் இதற்கென்று ஒரு சிறு படிவம் அச்சாகியிருக்கும். அதை வெட்டிக் கடைக்காரரிடம் கொடு, இதழ் தவறாமல் எடுத்து வைக்கச் சொல் என்று ஆசிரியர் கெஞ்சாத குறையாகக் கேட்டிருப்பார். பத்திரிகையை வெறுமனே மூடினால் இந்த ஆர்டர் ரத்தாகிவிடும். பையனின் காசு எதிரிக் கம்பெனியின் இதழுக்கோ மிட்டாய்க்கோ போய்விடும். இன்னொரு இதழோடு சேர்த்துவிட்டால், கடைக்காரர் பழைய பெயரைத் தேடும்போது அதே பெயர் புதிய அட்டையில் இருக்கும். அதையே எடுத்துப் போட்டுவிடுவார். பத்துப் பையன்களில் நாலு பேர் தங்கினாலும் லாபம்தான். ஏனென்றால் அந்தப் பெரிய இதழ் எப்படியும் அச்சாகப்போகிறது. கூடுதலாக விற்கும் பிரதிக்குக் கதைச் செலவும் படச் செலவும் கிடையாது.

இப்படிப் பார்த்தால் சின்னப் பத்திரிகை ஒரு வலை. வலையை எத்தனை நாள் தண்ணீரில் வைத்திருந்தோம் என்பதைவிட, இழுத்தபோது எத்தனை மீன் வந்தது என்பதுதான் கேள்வி. ஐந்து மாதம் வாழ்ந்த இதழைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். அதை வாசித்த பையனுக்கு அது துரோகமாகத் தெரிந்திருக்கும், அது வேறு கதை.

துரோகத்தை அறிவிக்கும் விதமும் அபாரம். 'உள்ளே மகத்தான செய்தி, வாசக நண்பர்களே!' என்ற பாணியில் அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அனுபவப்பட்ட பையனுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். உள்ளே திறந்தால், அடுத்த வாரம் முதல் உங்கள் அபிமான இதழ் அந்த இன்னொரு இதழோடு கைகோக்கிறது, இரட்டிப்புக் கொண்டாட்டம் என்று இருக்கும். இழவு வீட்டுக்கு நாதஸ்வரம்.

எந்தக் கதைகள் கூடப் போகும் என்பதைத் தீர்மானிக்கவும் ஒரு வழி இருந்தது. உனக்குப் பிடித்த மூன்று கதைகளை வரிசைப்படுத்தி எழுது என்று இதழ்களில் வாக்குச் சீட்டு வெட்டி அனுப்பக் கேட்பார்கள். மேலே வந்த இரண்டு மூன்று கதைகள் புது வீட்டுக்குக் குடி போகும். மற்றவற்றை அவசர அவசரமாக முடிப்பார்கள். ஆறு மாதமாக வில்லனைத் துரத்திக்கொண்டிருந்தவன் கடைசி இரண்டு பக்கத்தில் அவனைப் பிடித்துவிடுவான். எழுத்தாளர், ஓவியர் சம்மதம் கேட்கும் பேச்சே இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கியதால் பாத்திரங்கள் எல்லாம் கம்பெனியின் சொத்து. பெரும்பாலான இதழ்களில் படைத்தவர்களின் பெயரைக்கூட அச்சிட மாட்டார்கள்.

இதை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டார்லார்டைத்தான் எடுத்துக்கொள்வேன். 1977 டிசம்பர் கடைசியில் ஸ்டார் வார்ஸ் படம் லண்டனுக்கு வந்தது. ஐ.பி.சி.யிடம் ஏற்கெனவே 2000 ஏ.டி. என்ற விஞ்ஞானப் புனைகதை வார இதழ் ஓடிக்கொண்டிருந்தது. அலை அடிக்கும்போது இன்னொரு படகையும் இறக்குவோம் என்று 1978 மே மாதம் ஸ்டார்லார்டை இறக்கினார்கள். ஆசிரியர் கெல்வின் காஸ்னெல். காகிதம் உயர்ந்த ரகம், வண்ணப் பக்கங்கள் கூடுதல், விலை 12 பென்னி. 2000 ஏ.டி.யைவிட விலை அதிகம். இதழின் ஆசிரியராக அட்டையில் காட்டப்பட்டவர் ஸ்டார்லார்ட் என்ற விண்வெளி வீரர். இது அந்தக் காலத்து வாடிக்கை. 2000 ஏ.டி.க்கு தார்க் என்ற வேற்றுக்கிரகவாசி ஆசிரியர். உண்மையான ஆசிரியர் அறைக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

உள்ளே இருந்த சரக்கு நல்ல சரக்கு. ஜான் வாக்னர் எழுதி, ஸ்பெயின் நாட்டு ஓவியர் கார்லோஸ் எஸ்கெர்ரா வரைந்த 'ஸ்ட்ரான்ஷியம் டாக்' அதில்தான் பிறந்தது. அணுப்போருக்குப் பிறகான பிரிட்டன். கதிர்வீச்சால் உருமாறிப் பிறந்தவர்களை மற்றவர்கள் ஒதுக்கி வைக்கிறார்கள். வேறு வேலை கொடுக்காமல், தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடிக்கும் ஆபத்தான வேலையை மட்டும் விட்டுக் கொடுக்கிறார்கள். அந்த வேலை செய்யும் ஜானி ஆல்ஃபாவுக்குக் கண்ணிலிருந்து வரும் கதிர்களால் சுவருக்கு அப்பாலும் பார்க்க முடியும். பையன்களுக்கான வேட்டைக் கதைதான். ஆனால் ஒதுக்கப்பட்டவன் பக்கம் நின்று சொன்ன கதை. இன்னொன்று பேட் மில்ஸ் உருவாக்கிய 'ரோ-பஸ்டர்ஸ்'. விபத்து நடக்கும் இடங்களுக்குப் போய் மனிதர்களைக் காப்பாற்றும் பழைய ரோபோக்கள். அவர்களின் முதலாளிக்குப் பெயர் மிஸ்டர் பத்து சதவீதம். உடலில் மூளை மட்டும்தான் மனிதன், மீதி இயந்திரம். சாக்கடை அள்ளும் ரோபோவும் போர் ரோபோவும் நாயகர்கள், முதலாளி கோமாளி. எட்டு வயதுப் பையன்கள் வாசிக்கும் பத்திரிகையில்!

விற்பனையில் ஸ்டார்லார்ட் சளைத்ததில்லை. 2000 ஏ.டி.யைவிட அதிகமாகவே விற்றது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நல்ல காகிதத்துக்கும் வண்ணத்துக்கும் செலவு பிடித்தது. ஒரே கம்பெனி, ஒரே ரகப் பத்திரிகை இரண்டு. ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மலிவாக அச்சாகும் ஒன்றைத்தானே வைப்பார்கள்? 1978 அக்டோபர் 14 தேதியிட்ட 2000 ஏ.டி.யின் 86ஆவது இதழில் '2000 ஏ.டி. அண்ட் ஸ்டார்லார்ட்' என்று தலைப்பு மாறியது. விண்வெளி வீரர் விடைபெற்றார், வாசகர்கள் தார்க்கின் பொறுப்பானார்கள்.

கூடவே போன ஜானி ஆல்ஃபா, அந்த வீட்டின் முதல் நாயகன் ஜட்ஜ் டிரெட்டுக்கு அடுத்த பெரிய பிள்ளையாகப் பல பத்தாண்டுகள் வளர்ந்தான். ரோ-பஸ்டர்ஸிலிருந்து 'ஏ.பி.சி. வாரியர்ஸ்' என்ற இன்னொரு நெடுந்தொடர் முளைத்தது. வந்த புதிதில் 2000 ஏ.டி. நெடுநாள் ஓடும் என்று கம்பெனியிலேயே அதிகம் பேர் நம்பவில்லை. இன்றுவரை அது வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆயுளில் ஸ்டார்லார்ட் கொண்டுவந்த சீதனத்துக்கு நல்ல பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு வேடிக்கை. ஸ்டார்லார்ட் தனியாக வாழ்ந்தது 22 வாரம். 2000 ஏ.டி. அட்டையில் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது 40 வாரத்துக்கும் மேல். அது போதாதென்று, கிறிஸ்துமஸுக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் கெட்டி அட்டை ஆண்டு மலர்கள், நம் தீபாவளி மலர் மாதிரி, ஸ்டார்லார்ட் பெயரில் அடுத்த சில வருடங்களுக்கு வந்தன. பத்திரிகை போன பிறகும் மலர் மட்டும் பூத்துக்கொண்டிருந்தது.

ஸ்டார்லார்டின் பெயரை அட்டையிலிருந்து இறக்கியது, 1979 ஆகஸ்டில் 2000 ஏ.டி.யோடு ஒட்டப்பட்ட டொர்னேடோ. அதன் போலி ஆசிரியர் 'பிக் ஈ' என்ற சூப்பர் ஹீரோ. அவர் ஓவியமாக அல்ல, புகைப்படமாகவே வந்தார். வேஷம் கட்டி நின்றவர் ஓவியர் டேவ் கிப்பன்ஸ். பிற்காலத்தில் 'வாட்ச்மென்' என்ற காமிக்ஸை வரைந்து உலகப் புகழ் பெற்ற அதே மனிதர். டொர்னேடோவிலிருந்து குடிபெயர்ந்த கதைகளில் 'பிளாக்ஹாக்' பட்ட பாடு தனி. அது ரோமானியப் பேரரசு காலத்துக் கதை. நூபிய அடிமை ஒருவன் ரோமப் படையில் அதிகாரியாகிறான். விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் ரோமானியனுக்கு என்ன வேலை? ஒரே வழிதான். வேற்றுக்கிரகவாசிகள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் விண்வெளியில் மல்லுக்கட்ட விட்டார்கள். பிறந்த வீட்டில் ஈட்டி, புகுந்த வீட்டில் விண்கலம்.

ஒட்டும் வழக்கத்துக்கு முடிவே கிடையாது என்பதுதான் இதில் இன்னும் சுவாரசியம். விழுங்கியதை இன்னொன்று விழுங்கும். தண்டரை 1971இல் லயன் விழுங்கியது. லயனை 1974இல் வேலியன்ட் விழுங்கியது. வேலியன்டை 1976 அக்டோபரில் பேட்டில் விழுங்கியது. பேட்டில் அதற்கு அடுத்த வருடம் ஆக்‌ஷனையும் விழுங்கிவிட்டு, 1988இல் ஈகிளின் வாய்க்குள் போனது. ஈகிளும் 1994இல் நின்றது. ஜெட் மட்டும் வேறு பக்கம் போய் பஸ்டர் என்ற சிரிப்பு இதழில் சேர்ந்தது. அதன் 'ஃபேஸ்ஏக்' என்ற சிரிப்புத் தொடர் 1980களின் பிற்பகுதி வரை அங்கே ஓடியது.

ஆக்‌ஷன் மற்றவற்றைப் போல விற்காமல் சாகவில்லை. அதன் வன்முறைக் காட்சிகளைப் பார்த்துப் பெரியவர்கள் கொதித்தார்கள். 'ஏழு பென்னி கொடுங்கனவு' என்று ஒரு நாளிதழ் எழுதியது. அதன் விலை 7 பென்னி. 1976 அக்டோபரில் அச்சான இதழையே கடைக்கு விடாமல் அழித்தார்கள். டிசம்பரில் பல்லைப் பிடுங்கித் திரும்ப விட்டார்கள். பல் போன பாம்பை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? 1977 நவம்பரில் அதற்கும் கல்யாணம் முடிந்தது.

நம் ஊருக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. 1975 மார்ச்சில் ஐ.பி.சி. வல்கன் என்று ஒரு வார இதழ் கொண்டுவந்தது. முதலில் ஸ்காட்லாந்தில் மட்டும் விட்டு வெள்ளோட்டம் பார்த்தார்கள். பிறகு செப்டம்பர் கடைசியில் மறுபடி ஒன்று என்று எண் போட்டு நாடு முழுக்க விட்டார்கள். 1976 ஏப்ரல் 3இல் முடிந்தது. நாடு முழுக்க வந்தது வெறும் 28 வாரம். அதில் புதுக்கதை கிடையாது, எல்லாம் மறுபதிப்பு. என்னென்ன மறுபதிப்பு தெரியுமா? இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி. தமிழ் காமிக்ஸ் வாசகன் ஒருவனைக் கூப்பிட்டு உனக்கொரு பத்திரிகை தயாரித்துக் கொடுக்கிறேன், யார் யார் வேண்டும் என்று கேட்டால் வரும் பட்டியல் ஏறக்குறைய அதுதான். லண்டனில் அது ஓடவில்லை. இங்கே முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். அதே மாயாவி வேலியன்டின் முதல் இதழில், 1962இல், பிறந்தவர். ஆர்ச்சி 1952இல் லயனின் முதல் இதழில் பிறந்தவர். ஸ்பைடரும் லயன் வீட்டுப் பிள்ளைதான். வீடுகள் இடிந்தாலும் பிள்ளைகள் கம்பெனியின் சொத்தாக இருந்ததால், வெளிநாடுகளுக்கு உரிமை விற்க முடிந்தது. சிவகாசி வரை அவர்கள் வந்தது அந்த வழியாகத்தான்.

சின்ன வயதில் மாயாவி கதைகளைப் படிக்கும்போது ஒன்று எனக்கு விளங்கியதே இல்லை. ஏன் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை யாராவது மலையிலிருந்து விழுகிறார்கள், அடுத்த பக்கம் திருப்பினால் சட்டென்று தப்பித்துவிடுகிறார்கள்? வாராந்தரத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய புத்தகம் அது. ஒவ்வொரு ஆபத்தும் ஒரு 'தொடரும்'. லண்டன் பையன் ஒரு வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்த இடத்தை நான் ஒரே நொடியில் தாண்டியிருக்கிறேன்.

கடைசியாக ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டரில் 'ஆடம் எடர்னோ' என்று ஒரு தொடர் வந்தது. சாகாவரம் தரும் மருந்தைக் குடித்துச் சாபம் வாங்கியவன். தங்கத்தால் ஆன ஆயுதம் தவிர வேறெதுவும் அவனைக் கொல்லாது. 22 வாரத்தில் தண்டர் போனது, அவன் லயனுக்குப் போனான். லயன் போனது, வேலியன்டுக்குப் போனான். 1976இல் வேலியன்டும் பேட்டிலுக்குள் போனபோது, அங்கே போர்க் கதைகளுக்குத்தான் முதலிடம். ஒற்றைக் கண் ஜாக் என்ற நியூயார்க் போலீஸ்காரனைக்கூட உளவாளியாக மாற்றித்தான் உள்ளே விட்டார்கள். ஆடமுக்கு இடமில்லை. தங்கத்தைத் தவிர எதற்கும் சாகாதவனின் கதை, எந்தத் தங்கமும் படாமல் அங்கேயே நின்றது.